வார்த்தையின் வால்

எதற்கு ஆமாம் என்று தலையாட்டினேன் என்று தெரியவில்லை. காலையில் சாப்பாட்டு மேசையில் துஷ்யந்தி என் பக்கம் குனிந்து ஏதோ கேட்டாள். அவளுக்குப் பின்னால் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கையில் டீ கெட்டில் இருந்தது. இன்னொரு டீ வேண்டுமா என்றுதான் கேட்கிறாள் என்று நினைத்து, நன்றாகச் சிரித்துத் தலையாட்டிவிட்டேன். இப்போது ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு இந்த ரப்பர் படகில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பெரிய படகு தூரத்தில் வெள்ளையாக, தெருக்கோடி வீடு மாதிரி நிற்கிறது. எனக்கும் கடலுக்கும் நடுவில் காற்றடைத்த குழாய் ஒன்று, அவ்வளவுதான். விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. அழுத்தக் கூடாது. கயிறு ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், பிடித்த பிடியில் உள்ளங்கை வியர்த்து வழுக்குகிறது. முன்னால் துஷ்யந்தி. திருகோணமலைக்காரி, படகுக்காரர்கள் திமிங்கிலம் காட்டுவதற்கென்று வைத்திருக்கும் பெண், என் தாரிணி வயதிருக்கும். எனக்கு எதிரே அருளையா. கொழும்பில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வாய் ஓயாதவர், முதல் நாளிலிருந்தே என் பக்கத்தில்தான் வந்து உட்காருகிறார், ஏனென்றால் நான் நன்றாகக் கேட்டுக்கொள்கிறேன் என்று நினைக்கிறார். கடைசியில் மோட்டார்காரன். மோட்டாரை அணைத்துவிட்டான். அணைத்ததும் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டார்கள், ஆகா என்ன அமைதி என்கிற மாதிரி. நானும் புன்னகை செய்தேன். எனக்கு எதுவும் மாறவில்லை. பிருஷ்டத்தின் கீழே இருந்த அதிர்வு மட்டும் நின்றது.

கீழே திமிங்கிலம் இருக்கிறது. தலை பெருத்த சாதி, ஆழத்துக்குப் போய் இரை தின்றுவிட்டு முக்கால் மணி ஒரு மணி கழித்துத்தான் மேலே வரும் என்று முதல் நாள் படம் காட்டிச் சொன்னாள். படம் காட்டினால் எனக்கு நன்றாகப் புரியும். போகும்போது வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனது, பெரிய படகிலிருந்தே பார்த்தேன், கறுப்பாக, ஈரமாக, நிதானமாக. உடம்பு என்ன அளவு, கண் எங்கே, வாய் எங்கே, ஒன்றும் தெரியவில்லை, வால் மட்டும்தான். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த நேரத்தில் தாரிணி ஞாபகம்தான் வந்தது. எனக்கும் அவள் சொன்னதில் வால் மட்டும்தான் கிடைத்தது. …ஞ்சிருச்சும்மா.

திரும்ப அங்கேயே வந்து நிற்கிறேன். மூன்று நாளாக எதை நினைத்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன், செக்கு மாடு மாதிரி. திருகோணமலைத் துறைமுகத்தில் படகு விலகிக்கொண்டிருந்தது, கயிற்றைச் சுருட்டிப் போட்டார்கள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போன் அடித்தது. அடித்தது கையில்தான் தெரிந்தது, நடுங்கியது. வீடியோவில் கூப்பிடுவாள் எப்போதும், உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன், அன்றைக்கு வெறும் குரல். காதில் வைத்தேன். காற்று. காற்றுக்குள்ளே அவள் நெடுநேரம் பேசினாள், தாழ்ந்த குரலில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரி, ஏற்ற இறக்கம் தெரிகிறது, சொல் தெரியவில்லை. கடைசியில் குரல் கொஞ்சம் ஏறியது. …ஞ்சிருச்சும்மா. அன்றைக்கு அவளுக்கு ஸ்கேன். குழந்தையின் நெஞ்சுத்துடிப்பு தெரிகிறதா என்று பார்க்கிற ஸ்கேன். தெரிஞ்சதும் மொத போன் ஒனக்குத்தாம்மா என்று முந்தின நாள் ராத்திரி எழுதி அனுப்பியிருந்தாள். தெரிஞ்சிருச்சும்மா. அதுதானே இருக்க முடியும். நான் சத்தமாக, பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, "ரொம்ப சந்தோஷம்டி, ரொம்ப சந்தோஷம், ஒடம்பப் பாத்துக்க" என்றேன். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. பிறகு இணைப்பு போய்விட்டது. அவள் வைத்தாளா, சிக்னல் போனதா? திரும்பக் கூப்பிட்டேன், போகவில்லை. கரை சின்னதாகிக்கொண்டே போனது, அதற்கப்புறம் போனில் சிக்னலே இல்லை.

அந்த ஒன்றுமில்லாததுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. மற்றவர்களுக்கு மௌனம் எல்லாம் ஒன்றுதான். நான் திண்டுக்கல்லில் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள். டயல் சுழற்றினால் வெளியூர் கிடைக்காத காலம், இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவில் நாங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கம்பியைச் செருகிக் கொடுத்தால்தான் பேச முடியும். இணைப்பு நிற்கிறதா என்று பார்க்க நடுவில் ஒரு நொடி காதைக் கொடுக்க வேண்டும், அது வேலை. அந்த ஒரு நொடியில் எத்தனை ஊர் மௌனத்தைக் கேட்டிருக்கிறேன். பணம் கேட்டவனுக்குப் பதில் சொல்லாதவன் மௌனத்தில் மூச்சு இருக்கும். கோபித்துக்கொண்டவளின் மௌனத்தில் பின்னால் பாத்திரம் உருளும். சாவுச் செய்தி கேட்டவர்கள் மௌனத்தில் ஒன்றும் இருக்காது, மூச்சுகூட இருக்காது, கம்பியே செத்துவிட்ட மாதிரி இருக்கும், சில சமயம் இணைப்புப் போய்விட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்கள் புதுப் பெண்கள். பிடுங்காதே, ஆள் இருக்காங்க என்று நான் சொல்வேன். அந்தக் காது இப்போது இல்லை. தாரிணி மௌனத்தில் மூச்சு இருந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. கேட்கவில்லை என்பதும் அங்கே ஒன்றுமில்லை என்பதும் இப்போது எனக்கு ஒரே மாதிரி ஆகிவிட்டது.

அருளையா ஏதோ சொல்கிறார். கையால் தண்ணீரைக் காட்டுகிறார். தாடியும் மீசையும் உள்ள ஆட்கள் எனக்குக் கஷ்டம், உதடு தெரியாது. சிரிக்கிறார், அதனால் நானும் சிரித்தேன். முகம் சுருங்கினால் நானும் ச்சு கொட்டுவேன். நேற்று அப்படித்தான், அவர் மனைவி இறந்த கதையைச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது, இடையில் அவர் சிரித்த ஒரு இடத்தில் நானும் சிரித்தேன், அது சிரிக்கிற இடமில்லை, அழுகை வராமலிருக்கச் சிரித்தது என்று பிறகுதான் தெரிந்தது. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர்கள் அவ்வளவு கவனிப்பதில்லை. அதை வைத்துத்தான் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். யார் வந்தாலும் நானே பேச்சை ஆரம்பிப்பேன், நானே கேள்வி கேட்பேன், எந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று தெரிந்த கேள்வியாகப் பார்த்துக் கேட்பேன். கமலவேணி ரொம்பக் கலகலப்பு என்று தெருவில் பெயர். கலகலப்பு. அவர்கள் பேசிவிடக் கூடாதே என்கிற பயம்.

முதலில் கொசு போயிற்று. காதோரம் வந்து பாடுமே, அது. இந்த வருஷம் கொசுவே இல்லை, முனிசிபாலிட்டி மருந்து அடிச்சிருக்கான் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் தடிப்பு. பிறகு குக்கர் விசில். சோறு குழைந்து குழைந்து போய், அரிசியைக் குறை சொன்னேன், கடைக்காரனோடு சண்டை போட்டேன். மதுரையில் ஒரு காது டாக்டர் கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார். அவர் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிற பிள்ளை மாதிரி. அவர் எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். அதற்கப்புறம் அழுத்துவதற்கு ஒன்றும் வரவில்லை. மெஷின் வைத்துக்கொள்ளுங்கள், தள்ளிப்போடத் தள்ளிப்போட மூளை பேச்சையே மறந்துபோகும் என்றார். சரி சார் என்றேன். பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை.

வெட்கமா? வெட்கமும்தான். எக்ஸ்சேஞ்சில் பிலோமினா என்று ஒருத்தி இருந்தாள், ஒரு காது போயிற்று, பழைய ரசீதுக் கட்டுகள் இருந்த அறைக்கு மாற்றிவிட்டார்கள், அவளிடம் எல்லாரும் கத்திக் கத்திப் பேசி, சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, கடைசியில் யாரும் பேசவே இல்லை. ஆனால் அது மட்டுமில்லை. தாரிணிக்கு அத்தனை வருஷம் கழித்துத் தங்கியிருக்கிறது. எத்தனை ஊசி, எத்தனை ஆஸ்பத்திரி. பூனாவில் அவளும் அவள் புருஷனும் மட்டும். கொழந்த பொறந்து ஆறு மாசத்துல நான் வேலைக்குப் போயிருவேம்மா, நீ இருக்கிறப்ப எனக்கென்ன கவல என்று சொன்னாள். அதை வீடியோவில் சொன்னாள், உதடு தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் போனில் குழந்தை அழுகிற படம் ஒன்றைத் தேடி எடுத்து, ஓடவிட்டு, சமையல்கட்டு மேடையில் வைத்துவிட்டுக் கூடத்தில் வந்து படுத்துக் கண்ணை மூடினேன். கேட்டதும் எழுந்து போக வேண்டும், அதுதான் கணக்கு. படுத்தே கிடந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று எழுந்து போய்ப் பார்த்தால், அந்தப் பிள்ளை வாய் கிழிய, முகமெல்லாம் சிவந்து, கண்ணீர் காதுக்குள் இறங்க அழுதுகொண்டிருக்கிறது. எவ்வளவு நேரமாக அழுததோ. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை அழுதால் கேட்காதவளிடம் யார் குழந்தையை விட்டுவிட்டுப் போவார்கள்? நானாக இருந்தால் விடுவேனா? சொன்னால் என்னைக் கூப்பிட மாட்டாள். ஆள் வைத்துக்கொள்வாள். நான் திண்டுக்கல்லிலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான், சோறு குழைய.

படகு ஏறி இறங்குகிறது. அலை என்று சொல்ல முடியாது, அடியில் யாரோ புரண்டு படுக்கிற மாதிரி. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, எல்லாப் பக்கமும் ஒரே கோடு. இந்தப் பயணத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டது தாரிணிதான். எங்கயும் போனதில்லையேம்மா நீ, நாம ரெண்டு பேரும் போவோம், நான் வேலை, நீ வீடுன்னு இப்படியே போயிரும் என்று. பிறகு இது தங்கியது, டாக்டர் அசையக் கூடாது என்றுவிட்டார், நீ மட்டும் போயிட்டு வா என் கண்ணுக்கும் சேத்துப் பாத்துட்டு வா என்று பிடிவாதம் பிடித்து அனுப்பினாள். அறையில் இரண்டு கட்டில். தினமும் யாரோ வந்து இரண்டு கட்டிலிலும் துவாலையை விசிறி மாதிரி மடித்து வைத்துவிட்டுப் போகிறார்கள். என் விசிறி கலைகிறது, அவளுடையது அப்படியே இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்தால் எனக்கு எல்லாம் போய்விடும், உதடும் இல்லை, முகமும் இல்லை, அப்போது அந்த விசிறியின் வெள்ளை மட்டும் தெரியும்.

கலைகிறது. கலைஞ்சிருச்சு. பார், எங்கே போனாலும் அங்கே கொண்டுவந்து விடுகிறது. தெரிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு, கலைஞ்சிருச்சு. மூன்றுக்கும் வால் ஒன்றுதான். ஸ்கேன் முடிஞ்சிருச்சும்மா என்று சும்மா சொல்லியிருக்கலாம். விடிஞ்சிருச்சு, நனைஞ்சிருச்சு, கிழிஞ்சிருச்சு, எல்லாம் ஒரே வால். நல்லதற்கும் கெட்டதற்கும் வேறு வேறு முடிவு வைத்திருக்கக் கூடாதா தமிழில்? தலையைக் கேட்டால்தான் ஆச்சு. தெரிஞ்சிருச்சு என்றால் அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து இருக்காது. தெரிஞ்சிருச்சு என்பதற்கு அவ்வளவு நேரம் பேச வேண்டியதில்லை. தெரிஞ்சிருச்சு என்று சொல்லி, அம்மா சந்தோஷம் என்று சொன்னால், மகள் சிரிப்பாள் இல்லையா? இல்லை, சிரித்தாளோ என்னவோ. எனக்குக் கேட்கவில்லையோ என்னவோ. சிரிப்பு மேல் ஸ்தாயி, அதுதான் முதலில் போகும் என்று டாக்டர் சொன்னாரே.

கலைஞ்சிருச்சு என்று அவள் சொல்லி, நான் சந்தோஷம் என்று சொல்லியிருந்தால். காது கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது. அம்மா உளறுகிறாள் என்று நினைத்திருந்தால் பரவாயில்லை. நினைக்கமாட்டாள், அதுதான். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது சேலை மாற்றுகையில் வயிற்றைப் பார்த்தேன். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட இடமெல்லாம் பச்சையும் நீலமுமாகக் கன்றிப் போயிருந்தது. மனசு தாங்காமல் சொன்னேன், போதும்டி, இந்தச் சித்திரவதை போதும், பிள்ளை வராமப் போனாக்கூட எனக்குச் சந்தோஷந்தான், எனக்கு நீ வேணும்டி என்று. அந்த வார்த்தையேதான். சந்தோஷம். அவள் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். இப்போது அவள் அங்கே பூனாவில் படுத்துக்கொண்டு, அம்மா அப்போதே சொன்னாள், இப்போது வாய் விட்டே சொல்லிவிட்டாள், அவளுக்கு இது சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருப்பாளோ. மூன்று நாளாகவா. கயிற்றை விட்டுவிட்டிருக்கிறேன், எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. பிடித்துக்கொண்டேன்.

கேப்டனிடம் சாட்டிலைட் போன் இருக்கிறது. ஏறின அன்றைக்கே எங்களுக்கு அதைத் தூக்கிக் காட்டினார்கள், அவசரம் என்றால் கேளுங்கள் என்று. கேட்டு? காதில் வைத்துக்கொண்டு மறுபடி ஒரு வாலைப் பிடித்துத் தொங்கவா? அதனால்தான் கேட்கவில்லை. அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தெரியாமல் இருக்கிற வரைக்கும் அந்தக் குழந்தை இருக்கிறது, அதுவும்தான்.

துஷ்யந்தி பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு வயரை எடுத்துத் தண்ணீருக்குள் இறக்குகிறாள். நுனியில் சின்னக் குண்டு மாதிரி ஒன்று. இறங்கிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு முனை ஒரு சின்னப் பெட்டிக்குப் போகிறது, பெட்டியிலிருந்து ஹெட்போன். திமிங்கிலம் அடியில் போடுகிற சத்தத்தைக் கேட்கலாமாம். கண்ணே தெரியாத இருட்டில் சத்தத்தை விட்டுப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்குமாம், படத்தில் கோடு கோடாக வரைந்து காட்டினாள். ஹெட்போனை அவள் வைத்துப் பார்த்து, கட்டைவிரலைக் காட்டி, அருளையாவிடம் கொடுத்தாள். அவர் வைத்ததும் பேச்சை நிறுத்தினார். மூன்று நாளில் முதல் தடவையாக. கண் அகலமாகியது. விரலால் படகின் ஓரத்தில் தட்டிக் காட்டினார், டொக், டொக், டொக், ஆசாரி உளி அடிக்கிற மாதிரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்து எனக்குத்தான் வரும். எக்ஸ்சேஞ்சில் முதல் நாள் ஹெட்போனைத் தலையில் மாட்டியபோது ஊரே என் தலைக்குள் வந்து இறங்கிய மாதிரி இருந்தது, பதினெட்டு வயசோ என்னவோ, பயத்தில் கழற்றிவிட்டேன். இப்போது அருளையா கழற்றித் துடைத்து இரண்டு கையாலும் நீட்டுகிறார், பிரசாதம் மாதிரி. வாங்கி மாட்டினேன். அவருடைய காதுச் சூடு இருந்தது. வேறொன்றும் இல்லை. மூன்று பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். துஷ்யந்தி ஏதோ சொன்னாள். நான் கண்ணை அகலமாக்கினேன். தலையை மெதுவாக ஆட்டினேன். "அருமையா கேக்குதும்மா, ஆசாரி தட்டுற மாதிரியே இருக்கு" என்றேன். கண்ணைக்கூட மூடிக் காட்டினேன்.

திறந்தபோது யாரும் சிரிக்கவில்லை. துஷ்யந்தியின் கையில் ஹெட்போன் வயரின் முனை இருந்தது. அருளையா கழற்றும்போது பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கழண்டு போச்சு, பொறுங்கோ என்றுதான் அவள் அப்போது சொல்லியிருக்கிறாள். அருளையா சட்டென்று திரும்பிக் கடலைப் பார்க்க ஆரம்பித்தார், அங்கே ஒன்றுமில்லை, ஆனாலும் கவனமாகப் பார்த்தார். வாயே ஓயாத மனுஷன். எனக்குக் காதெல்லாம் சூடாகியது. துஷ்யந்தி முனையைச் செருகவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். நகர்ந்து வந்து, முழங்கால் என் முழங்காலில் இடிக்கிற மாதிரி, நேர் எதிரே உட்கார்ந்து, வெயில் தன் முகத்தில் விழுகிற மாதிரித் திரும்பிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா. உங்களுக்குக் காது கேக்கிறேல்லையா?"

எல்லாம் தெரிந்தது, ஒவ்வொரு எழுத்தும். காற்று என்று சொல்லலாம். தலைசுற்றல் என்று சொல்லலாம். கூட்டம், இஞ்சின், சிக்னல், சளி, பஸ்ஸில் வந்ததில் காது அடைத்திருக்கிறது. இரண்டு வருஷத்தில் எத்தனை சேர்த்து வைத்திருக்கிறேன். வாய் திறந்தேன், அப்போது அவள் என் தோளுக்கு மேலே பார்த்தாள், மோட்டார்காரன் பாதி எழுந்தான், நான் உட்கார்ந்திருந்த குழாய் நடுங்கியது. திரும்பினேன். தண்ணீர் ஒரு இடத்தில் எண்ணெய் மாதிரி வழவழப்பாகி உயர்ந்தது, உயர்ந்தது பிளந்தது, சாம்பல் நிறத்தில், பழைய மதில் மாதிரிச் சுருக்கம் சுருக்கமாக ஒன்று மேலே வந்துகொண்டே இருந்தது, முடியவில்லை, இன்னும் வந்தது. அதன் தலையின் ஓரத்திலிருந்து சாய்வாக ஒரு புகை பீறிட்டுக் காற்றில் திரும்பி எங்கள் மேல் விழுந்தது. முகமெல்லாம் வெதுவெதுப்பு. மீன் அழுகின வாடை. இன்னொன்றின் மூச்சு, என் கன்னத்தில், என் உதட்டில். படகு ஒரு பக்கம் ஏறிச் சரிந்தது, நான் துஷ்யந்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன், அவளும் பிடித்தாள். செத்தேன் என்று நினைத்தேன், தாரிணிக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்தேன். அது எங்களை ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் மிதந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான், அத்தனை ஆழத்திலிருந்து தனியாக ஏறி வந்த களைப்பு அதற்கு. அருளையா அழுதுகொண்டே சிரித்தார். நான் அதைப் பார்க்கவில்லை, துஷ்யந்தியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்காதும்மா" என்றேன். "எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா."

என் குரல் எவ்வளவு சத்தமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. சொன்னதும் அடுத்தது தானாக வந்தது. "எம் பொண்ணுகிட்டப் பேசணும். நான் பேசிருவேன். அவ பேசுறத நீ கேட்டு எனக்குச் சொல்லணும். சொல்றியா?"

அவள் ஏன் என்று கேட்கவில்லை. மோட்டார்காரனைப் பார்த்துக் கையை அசைத்தாள். திரும்பும் வழியெல்லாம், துறைமுகத்தில் வந்த போன், ஸ்கேன், சந்தோஷம் என்று சொன்னது எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அருளையா கேட்டுக்கொண்டு வந்தார். அவரும் கேட்கட்டும். ஏணியில் ஏறும்போது கை கொடுத்துத் தூக்கிவிட்டு, ஒரு நிமிஷம் என்று ஒரு விரலைக் காட்டி, தன் தாடியை இரண்டு பக்கமும் ஒதுக்கி உதட்டைக் காட்டிச் சொன்னார். "தங்கச்சி, பயப்படாதேங்கோ." புரிந்தது.

கேப்டன் எங்களை மேல்தட்டில் வானம் நன்றாகத் தெரிகிற இடத்தில் நிற்க வைத்து, தடித்த ஆண்டெனாவை நீட்டி, எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார். துஷ்யந்தி போனைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். காத்திருந்தாள். அவள் புருவம் உயர்ந்தது. "ஹலோ, தாரிணியா? கொஞ்சம் பொறுங்கோ, அம்மா கதைக்கப் போறா" என்று சொல்லி எனக்குக் கொடுத்தாள். நான் அதை வாயருகே பிடித்துக்கொண்டேன்.

"தாரிணி, அம்மாடி. நீ அன்னிக்குச் சொன்னது எனக்குக் கேக்கல. காத்துனால இல்ல. எனக்குக் காதே கேக்கல, ரெண்டு வருஷமா. ஒங்கிட்ட மறைச்சிட்டேன். நீ தெரிஞ்சிருச்சுன்னு சொன்னதா நெனச்சுத்தான் சந்தோஷம்னு சொன்னேன். இப்ப நீ சொல்லு. இங்க ஒரு பொண்ணு இருக்கு, கேட்டு எனக்குச் சொல்லும்."

கொடுத்தேன். எக்ஸ்சேஞ்சில் கம்பி மோசமான நாட்களில் இந்த வேலையை நான் செய்திருக்கிறேன். இந்தப் பக்கம் சொல்வது அந்தப் பக்கம் கேட்காது, நடுவில் இருக்கிற எங்களுக்கு மட்டும் கேட்கும், நாங்கள் வாங்கித் திருப்பிச் சொல்ல வேண்டும். நத்தத்துக்காரர் ஒருவருக்கு அவர் தம்பி பம்பாயில் போய்விட்டதை நான்தான் சொன்னேன், முன்பின் தெரியாத ஆளுக்கு, என் வாயால். அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்கவில்லை. அதைத்தான் இந்தப் பெண்ணைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நெடுநேரம். அவள் கீழுதடு உள்ளே போயிற்று. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லட்டும் என்று நின்றேன். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, முகத்தை மறைக்காமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"கலைஞ்சிருச்சாம், அம்மா. அண்டைக்கு விடிய. ஸ்கேனுக்கு முந்தியே."

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கடல் ஒரே கோடாகக் கிடந்தது.

"நீங்க சந்தோஷம் எண்டு சொன்ன உடன அவ தானாத்தான் போன வச்சவவாம். அம்மா முந்தியும் அப்பிடிச் சொன்னவ, உண்மையா அப்பிடித்தான் நினைக்கிறா எண்டு…" அவள் நிறுத்தினாள்.

"சொல்லு."

"…எண்டு நினைச்சு, மூண்டு நாளா ஒருத்தரோடையும் கதைக்கேல்லையாம்."

"இல்லன்னு சொல்லு அவகிட்ட. அப்படி இல்லன்னு சொல்லு."

துஷ்யந்தி போனை என் வாயருகே நீட்டினாள். "நீங்களே சொல்லுங்கோ அம்மா. அவவுக்குக் கேக்கும்தானே."

ஆமாம். அவளுக்குக் கேட்கும். எனக்குக் கேட்காததால் அவளுக்கும் கேட்காது என்கிற மாதிரி இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். வாங்கிக்கொண்டேன். "இல்லடி" என்றேன். "எனக்கு அது வேணும்னுதான் இருந்துச்சு. ரொம்ப வேணும்னு இருந்துச்சு. அழுதா எனக்குக் கேக்காதேன்னு, கேக்காதவகிட்ட நீ பிள்ளைய விடமாட்டியேன்னு பயந்துதான்டி காத மறைச்சேன். வேற ஒண்ணுமில்ல. தாரிணி. நீ பண்ணது எதுவும் தப்பில்ல. நான் கரைக்கு வந்ததும் பூனாவுக்கு வர்றேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம். எழுதிக்கூடக் காட்ட வேண்டாம். சும்மா பக்கத்துல இருக்கேன்."

மூச்சு வாங்கியது. போனைத் துஷ்யந்தியிடம் கொடுத்தேன். அவள் காதில் வைத்தாள். நான் அவள் வாயைப் பார்த்தேன், அது அசையவில்லை.

"என்ன சொல்றா?"

"ஒண்டும் சொல்லேல்ல அம்மா. அழுறா."

"எப்படி அழுறா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பெருசா" என்றாள். "வாய விட்டு."

"அழட்டும்."

நின்றோம். கீழே தட்டில் யாரோ கையை நீட்டி எதையோ காட்டினார்கள், எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். துஷ்யந்தி திரும்பவில்லை. வெயில் இறங்கி அவள் கண்ணுக்கு நேரே அடித்தது, இடது கையால் மறைத்துக்கொண்டாள், வலது கையில் போன். கை வலித்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "வைக்கவா அம்மா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. அவ வைக்கட்டும்."

தலையாட்டிவிட்டு மறுபடி கேட்டுக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் தாரிணி வைக்கவில்லை.